கண்ணாடி பிடித்தவள்

இத்தாலிக்கு வந்து, பலெர்மோவில் முதியவர்களைப் பார்க்கிற வேலைக்குப் புதிதாக இறங்கியிருக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஆளைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது, மருந்துப் பெட்டியை நாள்வாரியாக அடுக்குவது, சூப்பை எந்தப் பதத்தில் வடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது காட்டித் தருவார்கள். இரண்டு கிழமையில் கை பழகிவிடும். நான் சொல்லப்போவது கை பழகாத ஒரு காரியம். இருபத்தாறு வருடம் இந்த வேலை செய்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, போன வருடம்தான் ஓய்ந்தேன். செய்த பிழைகளை எழுதினால் ஒரு கொப்பி காணாது. அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். வேலை செய்கிறவர்களிடம் சொன்னதில்லை.

என் முதல் வீடு ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இருந்தது. அங்கே எண்பது வயது சிஞ்ஞோரா ஒருவர். வீட்டுக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். காது கேட்காது. மகன் வாங்கிக் கொடுத்த காதுக்கருவியை அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தம்பி செத்துப்போனதைச் சொன்னபோதும் அழகாகச் சிரித்துத் தலையாட்டினார். அந்த மனிதர் முகம் கறுத்துப் போய்விட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போது எனக்கு வேலை பழக்கிய காரைநகர் அக்கா ஒருவர் இருந்தார். அவரிடம் போய், கருவியைப் பற்றி மகனிடம் சொல்லவா என்று கேட்டேன்.

"கண்டதைக் காணாத மாதிரி இருக்கப் பழகு," என்றார் அக்கா. "வீட்டுக்காரற்றை குறையை வாசலுக்கு வெளியாலை கொண்டுபோகாதை. இந்த வேலையிலை அதுதான் எங்கடை மானம்."

நல்ல மனுசி. அந்தப் புத்தி எனக்குப் பல வருடம் சோறு போட்டது. கண்டதைச் சொல்லாதவள் என்று பெயர் எடுத்ததால்தான் ஒரு வீடு விட்டால் அடுத்த வீடு கிடைத்தது. அப்படிக் கிடைத்ததுதான் பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்து நொத்தாரிஸ் ஐயாவின் வீடு. அங்கேதான் அந்தப் புத்தி ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது.

இது நடந்தபோது நொத்தாரிஸ் ஐயாவுக்கு எண்பத்துநான்கு வயது. மனைவி இறந்து பல வருடம். ஒரே மகள், நகரத்திலேயே வேறு வீட்டில் இருந்தார். ஊராரின் பத்திரங்களுக்குக் கையெழுத்து வைக்கிற அந்த நொத்தாரிஸ் வேலையை ஐயா விட்டு எத்தனையோ காலமாகியும் காலையில் கழுத்துப்பட்டி கட்டாமல் குசினிக்குக்கூட வரமாட்டார். பத்து நாளைக்கு ஒருதரம் தலைக்குக் கறுப்புச் சாயம். மீசைக்கும் அதே சாயம். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். வெளிக்கதவு திறந்தால் அதை என் கையில் தந்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு, கிழவர் வேலைக்காரியோடு உரிமையாக நடந்துவருவதுபோல இருக்கவேண்டும். லிப்டுக்குள் இருக்கும் கண்ணாடியில் மூன்று மாடிக்கும் தன்னையே பார்த்துக்கொண்டு இறங்குவார். நல்ல மனிதர், சம்பளத்தில் சுணக்கமில்லை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற நேரமெல்லாம் தானே கடிதம் எழுதித் தந்தவர். ஆனால் தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம்.

வேடிக்கை என்னவென்றால், மனிதரின் தலைக்கனத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருடைய வாழ்நாள் பொழுதுபோக்கு. அவருடைய வீட்டு நடையில் பதினெட்டுப் படங்கள் வரிசையாகத் தொங்கின. இருநூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினில் யாரோ ஒருவர் செப்புத் தகட்டில் கீறி, அமிலம் ஊற்றி அரிக்கவைத்து, மை பூசித் தாளில் ஒற்றி எடுத்தவையாம். எல்லாம் கறுப்பும் சாம்பலும். எல்லாம் கேலிப் படங்கள். தன் நிழலை அளந்து சட்டை தைக்கச் சொல்லுகிற குள்ளன் ஒருவன். பதக்கங்களின் பாரத்தால் எழும்ப முடியாமல் கிடக்கிற தளபதி. பல்லக்கில் போகிற சீமாட்டி. அவளுடைய தொப்பி பெரிதென்பதால் பல்லக்கின் கூரையை வாளால் அறுக்கிறார்கள். வந்து ஒரு மாதம் வரைக்கும் இவை எனக்குப் பேய்ப் படங்களாகவே தெரிந்தன. தூசு தட்டும்போது சிலுவை போட்டுக்கொள்வேன்.

யாராவது வீட்டுக்கு வந்துபோனால் ஐயா என்னை நடைக்குக் கூப்பிட்டு, வந்தவர் எந்தப் படம் என்று காட்டுவார். மைத்துனர் வந்தால் தளபதி. மேல்மாடி வழக்கறிஞர் வந்தால் குள்ளன். மகளுக்குக்கூட ஒரு படம் இருந்தது, அதை நான் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், இதிலே நான் எது என்று கேட்டேன். அவர் பதினெட்டுப் படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீ இதில் இல்லை, பெருமைப்பட ஏதாவது உள்ளவர்கள்தான் இதில் இருப்பார்கள் என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று குத்தியது. அன்றைக்கு இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். என்னிடம் பெருமைப்பட ஒன்றுமில்லையாம்.

அவருக்கு அதிகம் பிடித்த படம் நடையின் கடைசியில், சுவர்க் கண்ணாடிக்கு எதிரே இருந்தது. பல்லுப்போன கிழப் பிரபு ஒருவர் கதிரையில் இருக்கிறார். இரண்டு பேர் அவருடைய தலையில் பெரிய பொய்முடி ஒன்றை அமுக்குகிறார்கள். ஒரு பணிப்பெண் முழங்காலில் நின்று அவருக்குக் கண்ணாடி பிடிக்கிறாள். அந்தப் பிரபுவைப் பார்த்து ஐயா பதினொரு வருடமும் சிரித்தார். சாயம் பூசிய மீசையோடு நின்று சிரித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

பதினோராவது வருடத்தில் அவர் அந்தப் படங்களை ஒரு காட்சியகத்துக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தார். வீட்டிலேயே ஒரு சின்ன வைபவம். நகரசபையிலிருந்து ஒரு அம்மா வருவார், காட்சியகத்துக்காரர் வருவார், உறவினர் வருவார்கள், பத்திரிகைக்குப் படம் எடுப்பார்கள். ஐயா இரண்டு கிழமையாக ஒரு பேச்சு எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்தப் படங்களைப் பதினொரு வருடம் தூசு தட்டியவள் நீ, பத்திரிகைப் படத்தில் நீயும் என் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார்.

இனிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. என் மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த மயில்பச்சைப் பட்டுச்சேலையை எடுத்தேன். சட்டை புதிதாகத் தைப்பித்தேன். எங்கள் ஊர் பேசாலையில் இருக்கிற தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவள் ஊர் முழுக்கச் சொன்னாள். அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கையில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து, 'இத்தாலிக்காரன்ரை பேப்பரிலை வரப்போறியாம்' என்று யாராவது கேட்பதற்காகவே கொஞ்சநேரம் வாசலில் நின்றேன்.

வைபவம் பதினொரு மணிக்கு. நான் விடிய ஏழு மணிக்கே போய்விட்டேன். எட்டு மணிக்குத் தலைக்குச் சாயம் பூசினேன். முப்பது நிமிடம் ஊறவேண்டும். கூடினால் தோல் எரியும் என்பதால் எப்போதும் போல என் போனில் அலாரம் வைத்தேன். ஐயா குளியலறைக் கதிரையில் தோளில் துவாயோடு இருந்து, மீசையைத் தானே சீவிக்கொண்டிருந்தார். எட்டரைக்கு அலாரம் அடித்தது. நான் அதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவருடைய வலது கையிலிருந்து சீப்பு விழுந்தது.

எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் விழுந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொல் குழைந்து வந்தது. வாயின் வலப்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தலையில் கறுப்புச் சாயம் வழிய, அந்த முகத்தை நான் பார்த்தேன்.

அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோல்போ தாரியா, என்று மெல்ல மெல்லச் சொன்னார். காற்று அடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஊர்ச்சனத்துக்குக் கழுத்துப் பிடித்தாலும் காற்று, வயிறு வலித்தாலும் காற்று. எங்கள் சனமும் அப்படித்தான். முகம் கோணினால் குளிர்காற்றுப் பட்டது என்று எண்ணெய் பூசுவோம். இரண்டு ஊர் அறியாமையும் அந்தக் குளியலறையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒருவரையும் கூப்பிடாதே, படம் எடுத்து முடியட்டும் என்று அவர் கையால் காட்டினார். நானும் சரியென்றேன்.

அவருக்காகச் சரியென்றேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கதவுக்குப் பின்னால் என் பட்டுச்சேலை தொங்கிக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் வந்தால் படம் இல்லை.

தலையைக் கழுவித் துடைத்து, கதிரையில் இருத்தி, ஊரிலிருந்து வந்த தைலத்தைக் கன்னத்தில் தேய்த்தேன். மனம் கேட்காமல் குசினிக்குப் போய் றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். றெஜினா என் கூட்டாளி. அவளும் இதே வேலைதான். அவள் பார்த்த ஒரு சிஞ்ஞோராவுக்குப் பாரிசவாதம் வந்ததால் அவளுக்கு விசயம் தெரியும். ஐயாவின் வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது என்று சொன்னேன்.

"வாய் மட்டுமோ, கையும் வழங்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"அப்ப காத்தாத்தான் இருக்கும். ஆனா கை விழுந்தா ஒரு நிமிசமும் பாக்காதை. உடனை அம்புலன்சுக்கு அடி. விளங்கிச்சுதோ?"

"ஓம், ஓம்," என்று போனை வைத்தேன்.

பாருங்கள், கேட்ட கேள்விக்கு நேர்மாறாகச் சொன்னேன். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் அவளுக்குப் பொய் சொன்னேன். நாம் ஒருவரிடம் புத்தி கேட்கப் போகும்போது, நமக்கு வேண்டிய பதில் வருகிற மாதிரிக் கேட்டுவிட்டு வருவதும் உண்டு. நீங்கள் போன் எடுக்கிற நாளில் உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சட்டை போட்டேன். கழுத்துப்பட்டி கட்டினேன். கோப்பி கொடுத்தேன், வாயோரத்தால் வழிந்தது, துடைத்தேன். சவரம் செய்து, வலப்பக்க மீசையைக் கொஞ்சம் கீழே சீவி, கோணலை மறைத்தேன். கழுத்தில் பட்டுத்துணி ஒன்றைச் சுற்றித் தாடையோடு ஏற்றிவிட்டேன். அவருடைய வலது கை மடியில் செத்த மீன்போலக் கிடந்தது. அந்தக் கையை எடுத்து அவருடைய கோட்டுப் பொக்கற்றுக்குள் நான்தான் வைத்தேன். பெருவிரல் மட்டும் வெளியே தெரிய, பெரிய மனிதர்கள் வைக்கிற மாதிரி வைத்தேன். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். திறமாக இருந்தார். பிறகு நான் சேலை உடுக்கப் போனேன்.

பத்துமணிக்கு மகள் சிஞ்ஞோரா வந்தார். தகப்பனை முத்தமிட்டார், ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்தார், கழுத்துத் துணியைச் சரிசெய்தார், விருந்தினருக்கான கோப்பைகளை எண்ணப் போய்விட்டார். பதினொரு மணிக்குச் சனம் வந்தது. ஐயா கதிரையில் இருந்தபடி இடது கையை நீட்டினார். இதயத்துக்குப் பக்கத்துக் கை என்று ஒரு உறவினர் மெச்சினார். பேச்சு வாசிக்கிற நேரம் வந்தபோது ஐயா தாளை எடுத்து மகளிடம் நீட்டினார். என்ன அடக்கம், தன் பேச்சைத் தான் வாசிக்காமல் மகளிடம் கொடுக்கிறாரே என்று நகரசபை அம்மா சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தப் பேச்சு முழுக்க மனிதரின் வீண்பெருமையைப் பற்றியது. சாகிற நேரத்திலும் கண்ணாடி கேட்கிறவன் மனிதன் என்று ஒரு வரி அதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் பதினெட்டுப் படங்கள். அதற்குக் கீழே மூளைக்குள் இரத்தம் அடைபட்ட ஒரு மனிதர், நேராக இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பதினொன்றரைக்குப் படம் எடுத்தார்கள். ஐயா கதிரையில், நான் பக்கத்தில், சுற்றிவர மற்றவர்கள். படம் எடுக்கிற தம்பி கமராவுக்குள்ளால் பார்த்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், இந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறது என்றான். அவனும் கண்டிருக்கிறான். நல்ல பக்கத்தைத் தேடி எடுத்தான்.

பிறகு கையெழுத்து. காட்சியகத்துக்காரர் பத்திரத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். வாழ்நாள் முழுக்க ஊருக்குக் கையெழுத்து வைத்த மனிதர் எழும்பப் பார்த்தார். அவருடைய வலது கை பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை. அப்படியே சரிந்து, கதிரையோடு சேர்ந்து விழுந்தார். நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். தைல வாசமும் சாய வாசமும் மூக்கில் அடித்தன. அப்போது மணி பன்னிரண்டுக்குக் கால்மணி நேரம் இருந்தது. எல்லாரும் ஒரேநேரத்தில் போனை எடுத்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களை ஒரு இளம் டாக்டர் பார்த்தார். சின்னப் பெண், கண்ணைச் சுற்றிக் கருவளையம். நான் பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக நின்றேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த சனம் கலியாண வீட்டில் ஏதோ நடந்துவிட்டதென்று என்னைப் பார்த்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் தொடங்கியது.

"பன்னிரண்டுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது," என்றார் மகள் சிஞ்ஞோரா. "எல்லாருக்கும் முன்னால் விழுந்தார். நாங்கள் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை."

டாக்டர் எழுதினார். அவசரம்தான், ஆனால் நேரம் இருக்கிறது, வேறொரு டாக்டரும் வந்து பார்க்கட்டும், இன்னொரு சோதனையும் எடுப்போம் என்று பக்கத்திலிருந்த தாதியிடம் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்று என்னைப் பிடிப்பார்கள். வேலை போகும், பெர்மெஸ்ஸோ போகும், விசாரிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குக் கூப்பிடுவார்கள். பலெர்மோவில் ஒரு வீடும் இனிக் கதவு திறக்காது. அதோடு மகள் சிஞ்ஞோராவை டாக்டருக்கு முன்னால் பொய்க்காரியாக்குவேன். வீட்டுக்காரர் சொன்னதற்கு மறுசொல் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரால் பேச முடியாது.

இது எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நேரத்தை ஏன் இப்படிக் குறிக்கிறார்கள் என்றும் தெரியாது. டாக்டர் அந்த ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டதைத்தான் கண்டேன். வட்டம் போட்டதைக் கண்டதும், அது பிழையான எண் என்பது எனக்குத் தாங்க முடியாமல் போனது.

"ஓத்தோ எ மெட்ஸா," என்றேன். எட்டரை.

மகள் சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவளுக்கு மொழி சரியாகத் தெரியாது என்றார். பதினொரு வருடம் அவரோடு அந்த மொழியில்தான் கதைத்தேன்.

நான் போனை எடுத்தேன். அலாரம் வைத்த இடத்தைத் திறந்து டாக்டரிடம் நீட்டினேன். எட்டு மணிக்குச் சாயம் பூசினேன், எட்டரைக்கு அலாரம் அடித்தது, அடித்தபோது சீப்பு விழுந்தது, கை வழங்கவில்லை, வாய் இறங்கியது, கண்டேன், சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். சாயத்துக்கா அலாரம் என்று டாக்டர் கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் போனைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமலே உள்ளே ஓடினார். டாக்டர் ஒருவர் அப்படி ஓடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. தாதி கட்டிலைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள். கதவு அடித்து மூடியது.

பின்னேரம்தான் டாக்டர் வந்து விளங்கப்படுத்தினார். அடைப்பைக் கரைக்கிற மருந்து ஒன்று இருக்கிறதாம். தொடங்கிய நேரத்திலிருந்து குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்குள் கொடுத்தால் ஆளைக் காப்பாற்றும். அதற்குப் பிந்தினால் அதே மருந்து மூளைக்குள் இரத்தத்தை ஒழுகவைக்கலாம். எட்டரை என்று நான் சொன்னபோது அவர்களுக்கு அரை மணித்தியாலம்கூட மிச்சம் இருக்கவில்லை. முதலில் சொன்ன நேரத்தை நம்பி, ஆறுதலாகச் சோதனையெல்லாம் முடித்துக் கொடுத்திருந்தால், என்றார். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை.

மகள் சிஞ்ஞோரா என் முன்னால் வந்து நின்றார்.

"மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொண்டா நின்றாய்?"

"ஓம், சிஞ்ஞோரா."

ஐயாதான் ஒருவரையும் கூப்பிடவேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் பேச முடியாமல் கிடக்கிறவரின் தலையில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. சிஞ்ஞோரா வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, போ என்றார். பட்டுச்சேலையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அல்பெர்கேரியா வரைக்கும் நடந்தேன். பல்லரோச் சந்தையில் மீன்காரன் ஒருவன், யாருக்குக் கலியாணம் என்று கேட்டான்.

அன்றைக்கு றெஜினா வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எனக்கேன் பொய் சொன்னனி?" என்று மட்டும் கேட்டாள். தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுப் போனாள்.

ஐயா தப்பினார். கால் கொஞ்சம் இழுத்தது, கை பாதி வந்தது, பேச்சு சொல் சொல்லாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் மூன்று வேலையாட்களை அவர் விரட்டினார். ஒருத்தி சாயத்தைக் காதில் பூசினாளாம். ஒருத்தி சாயமே வேண்டாம், நரை அழகு என்றாளாம். நாலாவது கிழமை மகள் சிஞ்ஞோரா எனக்குப் போன் எடுத்தார். குரலில் கோபம் அப்படியே இருந்தது. நாளைக்கு வா, சாயம் வாங்கிக்கொண்டு வா என்றார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றபோது, சிஞ்ஞோரா எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார், அன்றைக்குப் பத்துமணிக்கு முத்தமிட்டபோது தானும் கண்டதாக. வருகிற சனத்தை எப்படித் திருப்பி அனுப்புவது என்று நினைத்தாராம். நான் துடைத்த கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த அறையில் எத்தனை பேர் கண்டோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

பத்திரத்தில் கையெழுத்து விழாததால் படங்கள் இன்னும் நடையிலேயே தொங்கின. முதல் கிழமை தூசு தட்டிக்கொண்டு போய், கடைசிப் படத்தில் நின்றேன். பதினொரு வருடம் பொய்முடிக் கிழவரைப் பார்த்துச் சிரித்த படம். அன்றைக்கு முதன்முதலாகப் பணிப்பெண்ணைப் பார்த்தேன். முழங்காலில் நின்று கண்ணாடியைப் பிடித்திருக்கிறாள், ஆனால் கண்ணாடி கிழவருக்கு நேராக இல்லை. கொஞ்சம் சரித்துப் பிடித்திருக்கிறாள். அதில் தன் முகத்தைத்தான் பார்க்கிறாள். அந்த ஸ்பானியக்காரர், யாராக இருந்தாலும், அவளையும் விட்டுவைக்கவில்லை.

சக்கரக் கதிரையில் ஐயா பின்னால் வந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கிப் பொய்முடிக் கிழவரைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். தன் படம் எது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் என் விரலைப் பணிப்பெண்ணில் வைத்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பத்து நாளைக்கு ஒருதரம் சாயம் பூசினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வேலைக்கு வருகிறேன். வாய் கோணினால், கை விழுந்தால், சொல் குழைந்தால் நேரத்தைப் பாருங்கள், உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கண்ட நேரத்தைக் கண்டபடி சொல்லுங்கள். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லாததை நான் சொல்கிறேன். அந்த நேரத்தில் உங்களைத் தடுக்கப்போவது பயம் மட்டுமல்ல. கதவுக்குப் பின்னால் தொங்குகிற சேலை ஏதாவது ஒன்று உங்களுக்கும் இருக்கும். அது என்ன என்று வேலைக்குப் போகிற முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா இறந்த பிறகு, மகள் சிஞ்ஞோரா எனக்கு ஒரு உறை தந்தார். அன்றைக்கு எடுத்த படம். பத்திரிகை போடவில்லை, ஆனால் அந்தத் தம்பி பெரிதாகக் கழுவி அனுப்பியிருந்தானாம். பேசாலைக்கு நான் அதை அனுப்பவில்லை. அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். உங்களில் யாரும் என் வீட்டுக்கு வந்தால் காட்டுவேன். நகரசபை அம்மா, காட்சியகத்துக்காரர், மகள், மைத்துனர், எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். வாழ்நாளில் எந்தக் கண்ணாடியையும் எந்தக் கமராவையும் பார்க்கத் தவறாத நொத்தாரிஸ் ஐயா மட்டும் அதைப் பார்க்கவில்லை. கையைப் பொக்கற்றுக்குள் வைத்தபடி, கழுத்தை நிமிர்த்தி, என்னைப் பார்க்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் கேட்கிறார். நான் மயில்பச்சைச் சேலையில், கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.